சமாதானத்துக்கு மஞ்சள் சேலை

அந்த வருடம் மாரியம்மன் திருவிழாவை ஒட்டி நடந்தவை, நடந்த வரிசையில்:

1. அப்பாவைப் போலீஸ் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.
2. தம்பியை ஆயாக் கொட்டகையில் வைத்துக்கொள்ள மறுத்துவிட்டார்கள்.
3. அவனைப் பார்த்துக்கொள்வதற்காக நான் பள்ளிக்கூடத்தை விட்டு நின்றேன்.
4. திருவிழா நாடகத்துக்கு அனுமதி கிடைக்கவில்லை.
5. தோட்டத்துக் கணக்கரான கிராணியின் மனைவி, பேசாமல் அசையாமல் நிற்கும் ஒரு நாடகம் போட்டார். கடைசிக் காட்சியில் நான் 'சமாதானம்'.
6. அது சமாதானம் என்று பார்த்தவர்களில் ஒருவருக்கும் தெரியவில்லை.

நான் மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். எதையும் எண் போட்டு எழுதுவது தொழில் பழக்கம். ஏழாவதாக நடந்ததை மட்டும் ஒரு வரியில் அடக்க முடியவில்லை.

தோட்டங்களில் வளர்ந்த, என் வயதுக்காரர்களான உங்களுக்கு மலாயாவின் அவசரகாலத்தைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. சுங்கை ரம்பாய்ச் சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருந்த எங்கள் தோட்டத்திலும் உங்கள் தோட்டத்தில் நடந்ததுதான் நடந்தது. அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்த லயவீடுகளைப் பிரித்து ஒரே இடத்தில் நெருக்கிக் கட்டி, சுற்றிலும் முள்கம்பி போட்டார்கள். ஒரு கேட். விடியும் முன், ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பேர் கொடுத்துவிட்டு, ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகிறவர்கள் அந்தக் கேட்டில் வரிசையாக நிற்க வேண்டும். மாத்தாக்கள், போலீஸ்காரர்கள்தான், வாளியைக் கவிழ்த்துப் பார்ப்பார்கள், இடுப்பைத் தடவிப் பார்ப்பார்கள். சாப்பிடுகிற பொருள் எதுவும் கம்பிக்கு வெளியே போகக் கூடாது. காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு அது போய்ச் சேர்ந்துவிடும் என்று பயம். தேத்தண்ணிகூடச் சீனி போடாமல்தான் கொண்டுபோக வேண்டும்.

அப்பாவின் வேட்டி முடிச்சில் ஒரு பிடி பச்சரிசி இருந்தது.

அவர் பால் வெட்டும் நெரை தோட்டத்தின் கடைசி ஓரம். அங்கே ஒரு பெரிய காட்டுமரத்தடியில் குங்குமம் பூசிய கல் ஒன்று உண்டு. வெள்ளிக்கிழமைகளில் அப்பா அங்கே அரிசியும் வெல்லமும் வைத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் கத்தியைத் தொடுவார். போலீஸ் அதிகாரி ஆங்கிலத்தில் கேட்க, தோட்டத்துக் கிராணி தமிழில் கேட்டார். நான் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன்.

"அரிசி யாருக்கு?"

"முனிக்குங்க."

"அவன் எங்க இருக்கிறான்?"

"என் நெரைக்கு அந்தாண்ட, பெரிய மரத்தடியில."

"எவ்வளவு நாளாக் குடுக்கிறாய்?"

"நான் வேலைக்கு வந்த நாள்லேருந்து. வெள்ளிக்கெழம தவறாம குடுத்துருவேங்க."

அது சாமி என்று சொல்ல வேண்டும் என்றே அப்பாவுக்குத் தோன்றவில்லை. முனியைத் தெரியாத ஒரு மனிதர் எதிரே உட்கார்ந்திருப்பார் என்று அவர் நினைத்துப் பார்த்ததில்லை. ஜீப்பில் ஏறும்போதுகூட, மத்தியானத்துக்குள் வந்துவிடுவேன், பால் மங்குகளைக் கழுவி வை என்றுதான் அம்மாவிடம் சொன்னார்.

பெரட்டில் நின்ற அத்தனை பேருக்கும் முனி யார் என்று தெரியும். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. அன்று அது எனக்குப் பெரிய துரோகமாகப் பட்டது. இன்று அப்படித் தோன்றவில்லை. அந்த வரிசையில் நின்ற ஒவ்வொருவருக்கும் இழக்க ஒரு வீடும் பிள்ளைகளும் இருந்தன.

அதற்குப் பிறகு எங்களோடு பேச்சு நின்றுபோனது. சண்டை ஒன்றும் இல்லை. குழாயடிக்கு அம்மா போனால் மற்றவர்களின் வாளி சீக்கிரம் நிறைந்துவிடும், அவ்வளவுதான். தாய்மார் வேலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுச் செல்லும் ஆயாக் கொட்டகைக்கு அம்மா தம்பியைத் தூக்கிக்கொண்டு போனார். ஆயா எங்கள் முகத்தைப் பார்க்காமல், துணி மடித்துக்கொண்டே, இடமில்லை என்று சொன்னார். அவருக்குப் பின்னால் காலித் தொட்டில்கள் தொங்கிக்கொண்டிருந்தன. அந்த ஆயாதான் தம்பி பிறந்தபோது பிரசவம் பார்த்தவர்.

அம்மா வேலைக்குப் போகாவிட்டால் லயத்தில் இருக்க முடியாது. ஆகவே நான் பள்ளிக்கூடத்தை விட்டேன். அப்பா வரும் வரைக்கும்தான் என்றார் அம்மா. அப்பா எப்போது வருவார் என்பது யாருக்கும் தெரியாது. எங்கள் லயத்துக்குப் பின்புறம்தான் பள்ளிக்கூடம். பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் என் வகுப்பு வாய்ப்பாடு சொல்லும். நான் இந்தப் பக்கம் தொட்டிலை ஆட்டிக்கொண்டே கூடச் சொல்வேன். கரும்பலகையில் எழுதிப் போடுவதுதான் எனக்கு எட்டவில்லை. ஒருநாள் நீண்ட நேரம் சுண்ணக்கட்டியின் சத்தம் மட்டும் கேட்டது. அவர்கள் புதிதாக எதையோ தொடங்கிவிட்டார்கள், அது என்னவென்று இனி எனக்குத் தெரியப்போவதில்லை என்று அப்போது நான் அழுதது நினைவிருக்கிறது.

திருவிழா வந்தது. வழக்கமாக மூன்றாம் நாள் விடிய விடிய நாடகம் நடக்கும். இந்த முறை ஊரடங்கு. பகலில் போடுவதென்றாலும் வசனம் முழுவதையும் எழுதி, ஆங்கிலத்தில் மாற்றி, போலீஸ் ஆபீசில் கொடுத்து உத்தரவு வாங்க வேண்டும். எங்கள் நாடக வாத்தியாரிடம் எழுத்தில் ஒரு வரிகூட இல்லை. "நாடகம் என் தொண்டையில இருக்குலா. அத எப்படி நான் பேப்பர்ல எறக்கிக் குடுக்கிறது?" என்று கேட்டுவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார்.

அப்போதுதான் கிராணியின் மனைவி ஒரு யோசனை சொல்லியனுப்பினார். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், வேதக்காரக் குடும்பம், மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவர். அவரைக் கிராணியம்மா என்போம். அவர் படித்த பள்ளியில் 'உயிர்ச் சித்திரம்' என்று ஒன்று போடுவார்களாம். திரை விலகும்போது பிள்ளைகள் வேஷம் போட்டுக்கொண்டு ஒரு படத்தில் இருப்பதுபோல் அப்படியே நிற்பார்கள். பேச்சில்லை, பாட்டில்லை, அசைவில்லை. மணியடித்ததும் திரை மூடும். பேச்சில்லாததால் வசனத்துக்கு உத்தரவு தேவையில்லை. தோட்டத்து வெள்ளைக்காரத் துரையும் சரியென்று தலையாட்டிவிட்டார்.

லயத்தில் சிரித்தார்கள். "பேசாம நிக்கிறதுக்கு எதுக்கு மேட? காலையில பெரட்டுக்கு வந்தா தெனம் பாக்கலாமே" என்றார் ஒருவர். உங்களில் எங்கள் தோட்டத்துக்காரர்கள், அதில் நின்றவர்கள், சிலர் இருக்கிறீர்கள். வீட்டில் என்ன கேலி கேட்டீர்கள் என்பதை உங்களிடமே கேட்டுக்கொள்ளலாம்.

கிராணியம்மா என்னைத் தேர்ந்தெடுத்த விதம் இது. ஒரு பிற்பகல் அவர் எங்கள் லயத்து வழியாகப் போனார். தம்பி என் மடியில் தூங்கிக்கொண்டிருந்தான். அசைந்தால் எழுந்துவிடுவான் என்பதால் நான் காலை நீட்டியபடி அப்படியே உட்கார்ந்திருந்தேன். என் கன்னத்தில் ஈ ஒன்று ஊர்ந்துகொண்டிருந்தது. அவர் வாசலில் நின்று பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"பிள்ளை, இப்பிடி எவ்வளவு நேரம் இருப்பாய்?"

"தம்பி எந்திரிக்கிற வரைக்கும்."

"நாளைக்கு எங்கட வீட்டை வா. தம்பியையும் கொண்டு வா."

அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. அப்பாவின் பேச்சை ஆங்கிலத்தில் சொன்னது கிராணிதான். அவர்தான் ஏதோ திரித்துச் சொல்லிவிட்டார் என்று அம்மா நம்பினார், லயமே நம்பியது. செய்த பாவத்துக்குப் பெண்டாட்டி பரிகாரம் தேடுகிறாள் என்றார்கள். ஆனால் கிராணி வீட்டிலிருந்து கூப்பிட்டால் போகாமல் இருக்க முடியுமா?

கிராணி வீட்டில் தரை மெழுகு பூசிப் பளபளக்கும். தேங்காய்ப்பால் விட்ட மீன்குழம்பின் வாசம் வரும். அடுக்களைக்கு வெளியே தம்பிக்காகக் கிராணியம்மா ஒரு சாரத் துணியில் தொட்டில் கட்டித் தந்தார். அங்கே ஒரு வாரம் ஒத்திகை. அசையாமல் இருப்பதற்கும் முறை உண்டு என்று அங்கேதான் தெரிந்துகொண்டேன். முழங்காலை விறைப்பாக வைக்கக் கூடாது. பல்லைக் கடிக்கக் கூடாது. மூச்சு மூக்கால் போய் வயிற்றில் நிற்க வேண்டும், தோள் ஏறக் கூடாது. கண்ணை ஓரிடத்தில் நிறுத்த வேண்டும். படத்தில் இருப்பவர் எங்கே பார்க்கிறாரோ அங்கேதான் பார்க்கிறவர்களும் பார்ப்பார்கள். எனக்கு எதிர்க் கம்பத்தின் உச்சி. உங்களில் அரிவாளோடு குனிந்து நின்ற ஒருத்தி ஒவ்வொரு தடவையும் தும்மினாள். அவளைத் திட்டாமல், தும்மி முடித்த பிறகு திரையை விலக்குவோம் என்று கிராணியம்மா சொன்னது எனக்கு மிகவும் பிடித்தது.

அறுவடை, பள்ளிக்கூடம், தாயும் சேயும், கடைசியாகச் சமாதானம். இவைதான் படங்கள். சமாதானத்துக்கு மாதிரி, அவரிடம் இருந்த தடித்த வண்ணப் புத்தகத்தில் இருந்தது. வெள்ளுடை உடுத்து, கிரீடம் வைத்து, கையில் ஒலிவக் கிளையோடு ஒரு பெண் உட்கார்ந்திருப்பாள்.

ஒலிவ மரத்துக்குச் சுங்கை ரம்பாயில் எங்கே போவது? இலை கொஞ்சம் ஒத்துப்போகிறது என்று கோயில் பக்கத்து வேம்பிலிருந்து ஒரு கிளை ஒடித்துவரச் சொன்னார். கிரீடத்தைக் கிராணியின் சிகரெட் டப்பாக்களில் வரும் தங்கத்தாளை ஒட்டி அவரே செய்தார். வெள்ளைச் சேலையில்தான் சிக்கல் வந்தது. அதை நான் வீட்டுக்குக் கொண்டுபோனதும் அம்மா கையாலும் தொடவில்லை. எங்களோடு யாரும் பேசாத அந்த நாட்களில் அம்மா குரலை உயர்த்தியது அன்று மட்டும்தான்.

"அவங்கப்பா உசுரோட இருக்காரு. எம்மவ வெள்ள கட்ட மாட்டா. போயி சொல்லு."

சொன்னேன். கிராணியம்மா வெள்ளைச் சேலையை மடித்து உள்ளே வைத்தார். பிறகு என்ன நிறம் வேண்டுமென்று அம்மாவையே கேட்டுவரச் சொன்னார். அம்மா தன் பெட்டியிலிருந்த கல்யாண மஞ்சள் சேலையைக் கொடுத்தார். அதை எனக்குச் சுற்றிவிட்டுத் தள்ளி நின்று பார்த்த கிராணியம்மா, "மஞ்சளும் வடிவாத்தான் இருக்கு" என்றார். அவ்வளவுதான் நடந்தது. அதில் வேறு ஏதும் இருக்கிறது என்று எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை.

கோயிலுக்கு நேர் எதிரே இருந்த கொட்டகைதான் மேடை. இரண்டு படுக்கை விரிப்பைத் தைத்துத் திரை. திரை இழுப்பது தன் வேலை என்று நாடக வாத்தியார் பிடிவாதமாக வந்து நின்றார். முன்வரிசை நாற்காலிகளில் துரையும் போலீஸ் அதிகாரியும். அறுவடைப் படத்துக்குக் கூட்டம் சிரித்தது, நிற்கிறவர்களின் பேரைச் சொல்லிக் கூப்பிட்டது. பள்ளிக்கூடத்துக்கும் அப்படியே. அதிகாரி கடிகாரத்தைப் பார்த்துவிட்டு எழுந்தார், துரையும் கூடவே போனார். மீதியை அவர்கள் பார்க்கவில்லை.

தாயும் சேயும் முடிந்து மணி அடித்தது. என் திரை விலகியது.

நான் கம்பத்தின் உச்சியைப் பார்த்துக்கொண்டிருந்ததால் கூட்டம் எனக்கு மங்கலாகத்தான் தெரிந்தது. சத்தம் நின்றுபோனது மட்டும் தெரிந்தது. பிறகு எங்கோ ஒரு பெண் குலவை போட்டாள். இன்னொருத்தி சேர்ந்துகொண்டாள். அப்புறம் எல்லாப் பெண்களும்.

அவர்கள் கண்ணில் பட்டதை இப்போது வரிசைப்படுத்திப் பார்க்கிறேன். திருவிழா நாள். கோயிலுக்கு எதிரே திரை விலகுகிறது. உள்ளே ஒரு சிறு பெண். மஞ்சள் சேலை. தங்கக் கிரீடம். கையில் வேப்பிலை. கண் இமைக்கவில்லை, மூச்சு வாங்குவது தெரியவில்லை. கிராணியம்மாவுக்கு அது புத்தகத்துச் சமாதானம். எங்கள் தோட்டத்துக்கு அது மாரியாத்தா.

கோயிலில் பூசைக்கு வைத்திருந்த தட்டுகள் கைமாறி வந்தன. சூடம் ஏற்றினார்கள். தேங்காய் உடைத்தார்கள். என் காலடியில் பச்சரிசியைப் பிடிபிடியாக வைத்தார்கள். மேடையோரத்திலிருந்து கிராணியம்மாவின் பதறிய குரல் கேட்டது.

"திரையை மூடுங்கோ. மூடுங்கோ எண்டு சொல்லுறனல்லோ."

"சூடம் எரியுதும்மா" என்றார் வாத்தியார். "எரியறப்ப எப்படித் தெரய மூடுறது? கண்ணு போயிரும்."

ஒன்று அணையும் முன் இன்னொரு கட்டி போட்டார்கள். ஒத்திகையில் நான் அசையாமல் இருந்த நேரமெல்லாம் எப்போதோ கடந்துவிட்டது. புகை கண்ணில் ஏறியது. இமைக்கக் கூடாது என்பதால் கண்ணீர் வழிந்தது. "ஆத்தா அழுவுறா" என்று யாரோ சொன்னது கொட்டகை முழுக்கப் பரவியது.

தட்டோடு முன்னால் நின்றவர் ஆயா.

"நாங்க என்னா கொற வச்சோம் தாயி? வாயத் தொறந்து சொல்லு."

நான் எப்படிச் சொல்வேன்? பேசக் கூடாது என்பதுதானே நாடகம். அந்த நேரம் பார்த்துத் தம்பி கத்தத் தொடங்கினான். அது அவனுக்குக் கஞ்சி கொடுக்கும் நேரம். கூட்டத்துக்கு வெகு பின்னால், முள்கம்பியை ஒட்டி, யாரோடும் சேராமல் அம்மா அவனை வைத்துக்கொண்டு நின்றிருந்தார். என் தலை திரும்பவில்லை. கண் மட்டும் கம்பத்திலிருந்து இறங்கி அவனிடம் போய்விட்டது.

ஆயா திரும்பிப் பார்த்தார். அவர் பார்த்ததும் எல்லோரும் பார்த்தார்கள். கூட்டம் நடுவில் விலகி வழி விட்டது. தட்டைப் பக்கத்தில் நின்றவளிடம் கொடுத்துவிட்டு ஆயா நடந்து போனார். அடிக்க வருகிறார்கள் என்று நினைத்த அம்மா பின்னால் நகர்ந்து கம்பியில் முட்டிக்கொண்டு நின்றார்.

"குடு" என்றார் ஆயா.

அம்மா கொடுக்கவில்லை.

"குடு புள்ள. பசியில கத்துதில்ல. என்னா பாத்துக்கிட்டு நிக்கிற."

தம்பியை வாங்கித் தோளில் போட்டு, தன் நெற்றித் திருநீற்றைத் தொட்டு அவன் நெற்றியில் வைத்தார். வேறு இரண்டு பெண்கள் அம்மாவின் கையைப் பிடித்து அழைத்துவந்து முன்பாயில் உட்காரவைத்தார்கள். அதன் பிறகுதான் சூடம் அணைந்தது. வாத்தியார் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு திரையை இழுத்தார்.

திரைக்குப் பின்னால் கிராணியம்மா ஒரு பெட்டியின்மேல் உட்கார்ந்திருந்தார். அவரும் அழுதிருந்தார், ஆனால் வேறு காரணத்துக்காக. என் கிரீடத்தைக் கழற்றியபடி, "நீ நல்லா இருந்தனி பிள்ளை, ஆடவே இல்லை" என்றார். பிறகு அங்கே வந்த கிராணியைப் பார்த்து, எல்லாம் பழுதாகப் போய்விட்டது என்று மட்டும் சொன்னார். அந்தத் தங்கத்தாள் கிரீடம் என்னவானது என்று தெரியவில்லை.

மறுநாள் பெரட்டுக்கு முன் ஆயா எங்கள் வாசலுக்கு வந்தார். நான் விழித்துக்கொண்டுதான் படுத்திருந்தேன்.

"சின்னவன் எங்க?"

"எடமில்லன்னீங்களே" என்றார் அம்மா. அதில் கோபம் இருந்தது. அதைக் காட்டியது நல்லது என்றே இன்றும் நினைக்கிறேன்.

"தொட்டிலு கட்டுனா எடம் வந்துட்டுப் போவுது. பெரியவளப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பு."

நான் போனேன். கரும்பலகையில் பின்னக் கணக்கு போட்டிருந்தது. சுண்ணக்கட்டிச் சத்தமாக நான் கேட்டது அதைத்தான்.

ஆத்தா என்மேல் இறங்கிவந்தாள் என்றே அம்மா இன்றும் சொல்கிறார். நான் எதிர்த்துப் பேசுவதில்லை. ஆனால் ஆயாவைப் பற்றி எனக்கு வேறு ஓர் எண்ணம் உண்டு. தம்பியை மறுத்த நாளிலிருந்து அவருக்கும் தூக்கம் இருந்திருக்காது. போலீஸ் பிடித்துக்கொண்டு போனவன் பிள்ளையை ஏன் வைத்திருக்கிறாய் என்று வேலையை மேற்பார்க்கும் மண்டோர் கேட்டால் சொல்ல ஒரு பதில் வேண்டும். ஆத்தா உத்தரவு என்றால் அதற்குமேல் எந்த மண்டோரும் கேள்வி கேட்கமாட்டார். அந்தப் பதில் அவருக்கு அன்று கிடைத்தது. குழாயடியில் மற்றப் பெண்களும் அதே பதிலைச் சொல்லிக்கொண்டுதான் எங்களோடு பேச வந்தார்கள். யாரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கவில்லை. அந்த வசதிக்காகவும் நான் நன்றியோடு இருக்கிறேன்.

அப்பா இரண்டு வருடம் கழித்துத்தான் வந்தார். ஏன் விட்டார்கள் என்று ஒருவரும் சொல்லவில்லை. கிராணியைப் பற்றி அம்மா நினைத்தது தவறு என்று அவர் வந்த பிறகுதான் தெரிந்தது. ஜீப்பின் மறுபக்கம், எங்கள் கண்ணில் படாமல், அது புறப்படும்வரை, முனி என்பது ஆள் இல்லை, தெய்வம் என்று கிராணி அதிகாரியிடம் மன்றாடியிருக்கிறார். அப்பாவுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் கிராணி கை கூப்பிக் காட்டியதும், வானத்தைக் காட்டியதும், அதிகாரி சிரித்ததும் அவருக்குப் புரிந்திருந்தன. அதற்குள் கிராணி குடும்பம் எங்கள் தோட்டத்தில் இல்லை. திருவிழா முடிந்த அதே மாதம் அவருக்கு வேறு தோட்டத்துக்கு மாற்றல் வந்துவிட்டது. அவர்கள் சாமான் ஏற்றிய லாரி போனபோது நான் வகுப்பில் இருந்தேன்.

இன்றைய நிலை இது. அப்பாவும் அம்மாவும் என்னோடு புக்கிட் ரம்பாயில் இருக்கிறார்கள். தம்பி ஐந்தாம் பாரத்தில் படிக்கிறான். ஆயா தன் மகன் வீட்டில் இருக்கிறார், பார்வை குறைந்துவிட்டது. தம்பி மாதம் ஒருமுறை போய் அவரை மலாக்காவுக்கு டாக்டரிடம் அழைத்துவருகிறான். கிராணியம்மா எங்கே இருக்கிறார் என்று எனக்குத் தெரியவில்லை. உங்களில் யாருக்காவது தெரிந்தால் எனக்குச் சொல்லுங்கள். தன் படம் பழுதாகப் போனது என்றுதான் அவர் இன்னும் நினைத்துக்கொண்டிருப்பார். அது பழுதாகவில்லை என்று இதுவரை யாரும் அவரிடம் போய்ச் சொல்லவில்லை.